எண் இல்லாத கட்டம்

அந்த நாலு தெருவிலும் அவளுக்கு ஊசியக்கா என்றுதான் பெயர். உண்மைப் பெயர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் இருந்தது. அதைக் குனிந்து படிக்க யாருக்கும் தோன்றியதில்லை. மாதம் ஒருமுறை படியேறி வருவாள். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். பிறகு கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம். கடைசியாக, "மாத்திரைய எடுத்துட்டு வாங்க, எண்ணிடலாம்." சிலர் அவளைப் பார்த்ததுமே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு, "அந்த விரல் வேணாம், போன மாசம் குத்தினது. பக்கத்து விரலக் குடுங்க" என்பாள்.

அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு மருந்துக்கடையில் நின்றவள். டாக்டர் சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் வந்தவருக்கு என்ன வியாதி, எத்தனை நாளாக இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிடுகிறவரா இல்லையா என்று சொல்லிவிடுவாள். முதலாளிக்குக் கண் மங்கிப்போய்க் கடையை மூடியபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த நேரத்தில்தான் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஆள் எடுத்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று வருஷக்கணக்காக நோயோடு வாழ்கிறவர்களை மாதாமாதம் வீட்டுக்கே போய்ப் பார்த்து, மாத்திரையை எண்ணிக் கவனித்தால் நோய் கட்டுக்குள் வருமா என்பது ஆராய்ச்சி. இரண்டு வருஷ வேலை. பதினாலு களப்பணியாளர்கள். அவள் பங்குக்கு அறுபத்து நாலு வீடு.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றே ஒன்று, படிவம். நாலு பக்கப் படிவம், ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே எண்கள். "கடந்த வாரம் மாத்திரை தவறியதா? ஆம் 1, இல்லை 2." தவறியது என்றால் காரணம்: "மறதி 1, பக்கவிளைவு 2, விருப்பமில்லை 3, பிற 4." அவளுடைய அறுபத்து நாலு வீட்டில் முக்கால்வாசிப் பேர் நாலாவதில்தான் விழுந்தார்கள். அந்த நாலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க அடுத்த கேள்வி இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், ஒரு விரல் அகலத்துக்கு, "பிற குறிப்புகள்" என்று ஒரு கட்டம் இருந்தது. ஊசியக்கா அந்தக் கட்டத்தில் பொடி எழுத்தில் எழுதித் தள்ளினாள். இடம் போதாமல் ஓரத்தில் திரும்பி மேலே ஏறும் அவள் எழுத்து.

மூன்றாவது தெருவில், பழைய அடுக்கு வீடுகளில், மூன்றாம் மாடியில் ஒரு புருஷனும் மனைவியும் இருந்தார்கள். அவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். கடைத்தெரு முனையில் ஒரு பெட்டிக்கடைக்குள் ஆயிரம் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த அம்மாள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் சூட்டோடு எந்திரத்திலிருந்து வந்து விழ, எதிரும் புதிருமாக நின்று மடிப்பார்கள். இருவருக்கும் ஐம்பத்தைந்துக்கு மேல். இருவருக்கும் சர்க்கரை.

ஆனால் ஆராய்ச்சியில் விதி, ஒரு வீட்டுக்கு ஒருவர்தான். ஒரே வீட்டில் இரண்டு பேரைச் சேர்த்தால் கணக்கு சாய்ந்துவிடுமாம். இரண்டு பெயரையும் சீட்டில் எழுதி, மடித்து, ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வீட்டில் சீட்டை எடுத்தவள் ஊசியக்காதான். மனைவி பெயர் வந்தது. பூட்டுக்காரர் அன்றைக்கு வேடிக்கையாகத்தான் சொன்னார்.

"பரவால்ல தங்கச்சி. இந்த வீட்ல எதுல நான் ஜெயிச்சிருக்கேன்?"

அவருக்கு அரசு மருந்தகம் இருக்கிறது, அங்கே வாங்கிக்கொள்வார் என்று படிவம் நினைத்துக்கொண்டது. அரசு மருந்தகத்தில் மாதத்தில் பாதி நாள் "சரக்கு வரலை, அடுத்த வாரம் வாங்க" என்று ஒரு அட்டை தொங்கியது படிவத்துக்குத் தெரியாது.

அந்த அம்மாளுக்குக் காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை. மாதத்துக்கு அறுபத்து நாலு கொடுப்பார்கள், நாலு உபரி. முப்பதாம் நாள் எண்ணினால் நாலு மிஞ்ச வேண்டும். அந்த வீட்டில் எப்போது எண்ணினாலும் நாலு. மூன்று இல்லை, ஐந்து இல்லை. மற்ற வீடுகளில் ஒன்பது மிஞ்சும், பதினேழு மிஞ்சும், சில சமயம் நாய் தின்றுவிட்டதென்று சொல்வார்கள். இங்கே நாலு. ஆனால் சர்க்கரை மட்டும் இருநூற்று நாற்பது, இருநூற்று ஐம்பத்தைந்து, இருநூற்று நாற்பத்தெட்டு என்று அசையாமல் நின்றது.

மருந்துக்கடையில் நின்ற கண் சும்மா இருக்குமா? ஐந்தாவது மாதம் சமையலறை ஜன்னல் விளிம்பில் இரண்டு தம்ளர் தண்ணீர், பக்கத்தில் ஒரு தட்டில் தனித்தனியாக இரண்டு மாத்திரை இருந்ததைப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. கேட்டாள்.

"அம்மா, இது ரெண்டும் உங்களுக்கா?"

"எனக்குத்தான். மறந்துடுவேன்னு எடுத்து வச்சேன்."

"ஒரு வேளைக்கு ஒண்ணுதானே?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். முகம் கொடுக்கவில்லை. ஊசியக்கா மேற்கொண்டு குடையவில்லை. படிவத்தில் "தவறியதா? இல்லை 2" என்று வட்டம் போட்டாள். கடைசிக் கட்டத்தில், "வீட்டுக்காரருக்கும் சர்க்கரை. மாத்திரை இருவருக்கும் பங்கு போகிறது என்று நினைக்கிறேன். விசாரிக்கவும்" என்று எழுதினாள். ஆறாவது மாதமும் எழுதினாள். ஏழாவது மாதம் "விசாரிக்கவும்" என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டாள்.

யாரும் விசாரிக்கவில்லை. எட்டாவது மாதம் நிலையத்திலிருந்து ஒரு தாள் வந்தது. மாத்திரை சரியாகச் சாப்பிட்டும் சர்க்கரை குறையாதவர்கள் பட்டியலில் அந்த அம்மாள் இருந்தாள். அளவைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு.

ஊசியக்கா அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் போனாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் எந்த நேரமும் பத்து நிமிஷம் தாமதமாக ஓடிக்கொண்டிருக்கிறவர் மாதிரி இருப்பார்.

"சார், அந்த மூணாம் மாடி வீடு. அளவக் கூட்டறதுக்கு முன்னாடி நான் எழுதினத ஒரு தடவ பாருங்க."

"டாக்டர் பாத்துதான் கூட்டியிருக்காங்க."

"குறிப்பையும் பாத்தாங்களா சார்?"

"எல்லாத்தையும்தான் பாப்பாங்க. நீங்க கொண்டுபோய்க் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் சர்க்கரை நூற்றெண்பதுக்கு இறங்கியது. நிலையத்தில் ஒரே மகிழ்ச்சி. மாதக் கூட்டத்தில் பெரிய டாக்டர் அம்மா அந்த வீட்டின் சர்க்கரை அளவைத் திரையில் போட்டுக் காட்டி, "பாருங்க, விடாம வீட்டுக்குப் போனா எப்படிப் பலன் கிடைக்குதுன்னு" என்றார். பின் வரிசையில் ஊசியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மாத்திரையை இரண்டு பேர் இரண்டிரண்டாகச் சாப்பிட்டால் அவரவருக்கு வேண்டியது அவரவருக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான். எழுந்து சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் அந்த வீட்டை என்ன செய்வார்களோ என்று இன்னொரு நினைப்பு வந்தது. இரண்டு பேரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டாள். பிற்பாடு அவள் தன்னைத் திட்டிக்கொண்டதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான்.

பதினோராவது மாதம் ஒரு புதன்கிழமை. இரண்டாவது தெருவில் ஒரு தையல்காரரின் விரலைக் குத்திவிட்டு ரத்தத்துக்காகப் பிதுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. சலவைக்கூடத்திலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"ஊசியக்காவா? உங்க நம்பர் அவங்க பைல இருந்துச்சு. வேல செஞ்சிட்டிருக்கும்போதே விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கோம்."

போனபோது அந்த அம்மாள் கண் விழித்திருந்தாள். விரிப்பு மடிக்கும் மேசையில் மோதி வலது மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருந்தார்கள். வெக்கையில் மயக்கம் என்று நினைத்து முதலில் முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். வியர்வை ஆறாகக் கொட்டுவதையும் பேச்சுக் குழறுவதையும் பார்த்த ஒருத்தி மட்டும் சந்தேகப்பட்டு, டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டு வாயில் ஊற்றியிருக்கிறாள். அதில்தான் உயிர் தங்கியது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் சர்க்கரை வெறும் நாற்பத்தொன்று.

"என்னம்மா ஆச்சு?" என்று ஊசியக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த அம்மாள் எதையும் ஒளிக்காமல் சொன்னாள். பூட்டுக்காரரின் தங்கை வெளியூரில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். அவர் இரண்டு நாளில் வருவதாகச் சொல்லிவிட்டு, அவசரத்தில் மாத்திரையை எடுக்காமல் போய்விட்டார். ஐந்து நாளாகியும் வரவில்லை.

"நீங்க வெள்ளிக்கிழம எண்ண வருவீங்க. அவரு பங்கு அப்படியே கெடக்கும். மாட்டிக்குவோமேன்னு இருந்துச்சு."

"தூக்கிப் போட்டிருக்கலாமேம்மா."

"மருந்தையா? எத்தன நாள் இது கெடைக்காம அவரு வெறுங்கையோட வந்திருக்காரு? மனசு வரல. நானும்தான் இத்தன மாசமா பாதி பாதியாப் போட்டுட்டு வரேன். அவரு இல்லாத நேரத்துல அவரு பங்கையும் சேத்து முழுசாப் போட்டா உடம்பு கொஞ்சம் தேறும்னு நெனச்சேன். கணக்கும் சரியா வந்துடும்." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டாள். "இன்னிக்கு ரெண்டு பேரு லீவு. சாப்பிடப் போக முடியல."

கணக்கும் சரியா வந்துடும். அந்தக் கணக்கைக் கேட்டு மாதாமாதம் படியேறியது தான்தானே என்று ஊசியக்காவுக்கு உறைத்தது. "நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலம்மா" என்றாள். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அதை எழுத்தில் கொண்டுவர வழியில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மறுநாள் நிலையத்தில் விசாரணை. மேற்பார்வையாளர், பெரிய டாக்டர் அம்மா, படிவங்களைக் கணினியில் ஏற்றும் பெண், நடுவில் ஊசியக்கா.

"வீட்டுக்குப் போறவங்க நீங்கதான். இவ்வளவு நாளா பங்கு போட்டிருக்காங்க. ஏன் சொல்லல?" என்றார் மேற்பார்வையாளர்.

"மூணு மாசம் எழுதினேன் சார். உங்ககிட்டயும் வந்து சொன்னேன்."

பெரிய டாக்டர் அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "எங்க எழுதினீங்க?"

படிவப் பெட்டியை எடுத்து வந்தார்கள். ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம், ஏழாம் மாதம். இரண்டு கோடு போட்ட "விசாரிக்கவும்" அப்படியே இருந்தது. டாக்டர் மூன்றையும் படித்துவிட்டுக் கணினிப் பெண் பக்கம் திரும்பினார். "இது எனக்கு வரவே இல்லையே?"

அந்தப் பெண் படிவத்தின் அடியைத் தொட்டுக் காட்டினாள். "அந்தக் கட்டத்துக்கு நம்பர் இல்ல மேடம். நம்பர் இருந்தாதான் மெஷின் வாங்கும். ஆரம்பத்துலயே கேட்டேன், அத விட்டுடுங்கன்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னா?"

மேற்பார்வையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டன. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர். அவருக்கும் ரத்த அழுத்தம் உண்டு. மனைவி வருவதைக் கண்டாலே கையை நீட்டிவிடுவார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "லிஃப்ட்ல கதவு மூடறதுக்கு ஒரு பொத்தான் இருக்கும் பாரு" என்றார். "பாதி இடத்துல அதுக்கு வயரே கெடையாது. கதவு பாட்டுக்கு அது மூடும். ஆனாலும் பொத்தான வைக்கணும். அமுக்கறவனுக்கு ஒரு திருப்தி."

"அப்ப நான் ஒரு வருஷமா வயர் இல்லாத பொத்தான அமுக்கிட்டிருந்தேன்ங்கறீங்களா?"

"நான் லிஃப்டப் பத்திச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அவர் தட்டைக் கழுவப் போனார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எரிச்சல்தான் எல்லாவற்றையும் விட முந்திக்கொண்டது.

அடுத்த வாரம் நிலையம் முடிவெடுத்தது. ஆய்வு மாத்திரையைப் பிறருக்குக் கொடுத்ததால் அந்த அம்மாள் ஆய்விலிருந்து நீக்கம். விலகியவர்களுக்கான பட்டியலில் எண்கள் இருந்தன: இடம் மாறினார் 1, இறந்தார் 2, மறுத்தார் 3, விதிமீறல் 4. அவளுக்கு நாலு. கடிதத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியதும் ஊசியக்காதான்.

பூட்டுக்காரர் அதற்குள் ஊரிலிருந்து வந்திருந்தார். கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லப் படித்தார்.

"விதிமீறல்னு போட்டிருக்கு. நாங்க என்ன திருடினோமா தங்கச்சி?"

"இல்லீங்க. அது ஒரு நம்பர். அவங்ககிட்ட இருக்கற நம்பர்ல ஒண்ணப் போட்டாகணும்."

"வேற நம்பர் இல்லையா?"

ஊசியக்கா பேனாவை நீட்டினாள். அந்த அம்மாள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கோணல்மாணலாக வந்தது. "இது செல்லுமா?" என்று கேட்டாள். செல்லும் என்று ஊசியக்கா தலையசைத்தாள். மணிக்கட்டு கூடும் வரை இரண்டு மாதம் அந்த அம்மாளால் விரிப்பு மடிக்க முடியவில்லை. மாத்திரைக்கு இரண்டு பேரும் சேர்ந்து அரசு மருந்தக வரிசையில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு ஊசியக்கா ஒரு காரியம் செய்தாள். சனிக்கிழமைகளில் அவளுக்கு விடுமுறை. நிலையத்தில் பெரிய டாக்டரிடம் போய், "எல்லாருடைய குறிப்புக் கட்டத்தையும் நான் படிச்சுப் பாக்கணும்" என்று கேட்டாள். டாக்டர் படிவப் பெட்டிகள் வைத்திருந்த அறைச் சாவியைக் கொடுத்தார். பதினாலு பேர், பன்னிரண்டு மாதம், பத்தாயிரத்துக்கு மேல் படிவம். பெரும்பாலான கட்டங்கள் காலி. எழுதியிருந்ததை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். இரண்டாவது சனிக்கிழமை கணினிப் பெண்ணும் வந்து உட்கார்ந்தாள்.

"நீ ஏன்மா வந்த?"

"அன்னிக்கே நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்க்கா. நீங்க வாசிங்க, நான் அடிக்கிறேன்."

அந்தக் கட்டங்களில்தான் நிஜமான ஊரே இருந்தது. "வீட்டில் ஒரே கண்ணாடி, மகள் வேலைக்குப் போட்டுப் போகிறாள், மாத்திரைப் பெயர் படிக்க முடிவதில்லை." "இவரைக் கேட்ட கேள்விக்கெல்லாம் மாமியார் பதில் சொல்கிறார்." "மருந்தகம் எட்டரைக்குத் திறக்கிறது, இவர் ஓட்டும் பஸ் ஏழே முக்காலுக்குக் கிளம்புகிறது." "மாத்திரை போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது, வேலை இடத்தில் கழிப்பறை இல்லை, ஆகவே ஞாயிறு மட்டும் போடுகிறார்." ஒருத்தர் வெறுத்துப்போய், "இதை யாராவது படிக்கிறீர்களா?" என்றே எழுதியிருந்தார். கணினிப் பெண் அதை அடிக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். "அதையும் அடி" என்றாள் ஊசியக்கா.

ஏழு சனிக்கிழமை ஆனது. மாத்திரை வீட்டில் பங்கு போவதாக எழுதியிருந்த வீடுகள் மட்டும் தொண்ணூற்று மூன்று. அதையெல்லாம் ஒரு கட்டாக்கி டாக்டர் மேசையில் வைத்தாள். டாக்டர் அன்று முழுக்க அறைக்கதவைத் திறக்கவில்லை. மறுநாள் கூப்பிட்டார்.

"இத நான் ஆறாவது மாசம் பாத்திருக்கணும்" என்றார். குரல் தணிந்திருந்தது. "அந்த அம்மாவுக்கு அளவக் கூட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தான்."

"இப்பவாவது சேத்துக்கலாமே டாக்டர்."

"முக்கியக் கணக்குல சேக்க முடியாது. எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேட்டு வாங்கினதா இருக்கணும். இது சில பேரு எழுதியிருக்காங்க, சில பேரு எழுதல."

"எழுதாதவங்க வீட்ல நடக்கலன்னு அர்த்தமா?"

"இல்ல. எனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தெரியறது வேற, நான் நிரூபிக்கறது வேற."

ஊசியக்கா வெளியே வந்தாள். டாக்டர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அதனால்தான் கோபம் இரண்டு மடங்காக இருந்தது. கெட்ட மனிதர் ஒருவர் இருந்தால் அவரையாவது மனதாரத் திட்டலாம்.

மீதி ஒரு வருஷமும் பழைய படிவத்தையே தூக்கிக்கொண்டு அலைந்தாள். அறிக்கை வந்தபோது நூற்றிருபது பக்கம். மாதாமாதம் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவதால் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. தொண்ணூற்று நாலாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், "சில பங்கேற்பாளர்கள் மாத்திரையைக் குடும்பத்தினருடன் பகிர்ந்துகொண்டதாகக் களப்பணியாளர் குறிப்புகள் தெரிவிக்கின்றன" என்று ஒரு வரி. ஏழு சனிக்கிழமை ஒரு வரியாகச் சுருங்கியிருந்தது. மாத்திரை இன்னொரு வயிற்றுக்குப் போனதற்கு, படியேறிய கால்களைப் பலனில்லை என்று எழுதிவிட்டார்களே என்று அவளுக்கு ஆறவில்லை.

ஆனால் டாக்டர் சும்மா இருக்கவில்லை. ஆய்வின் இரண்டாம் கட்டமாக, ஆறு மாதத்துக்குச் சின்ன அளவில் நடத்த அனுமதி வாங்கினார். எட்டுப் பேரை விட்டுவிட்டு ஆறு பேரை வைத்துக்கொண்டார்கள். ஊசியக்கா ஆறில் ஒருத்தி. புதுப் படிவத்தில் ஒரு புதுக் கேள்வி இருந்தது. "உங்கள் வீட்டில் வேறு யாராவது இதே மாத்திரையை எடுத்துக்கொள்கிறார்களா? ஆம் 1, இல்லை 2." எண் போட்ட கேள்வி. கணினி வாங்கும். டாக்டர் அதை அவளிடம் காட்டியபோது முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

முதல் நாள் பதினோரு வீடு. எல்லாரும் "இல்லை" என்றார்கள். இரண்டாம் நாள் ஒன்பது வீடு, எல்லாரும் "இல்லை." தையல்காரர் கேள்வியை முடிக்கவே விடவில்லை.

"இல்ல இல்ல, யாருமில்ல. எழுதிக்கோங்க."

"உள்ள உங்க அண்ணன் படுத்திருக்காரே. அவருக்கும் சர்க்கரைதானே?"

"அக்கா, உங்களுக்குத் தெரியாததா? பூட்டுக்காரரு வீட்ல உண்மையச் சொன்னதுக்கு என்ன பண்ணாங்க? நீங்க ரெண்டுன்னே போடுங்க."

அவள் இரண்டு என்று போட்டாள். அன்று நாலு மணிக்கு நேரே டாக்டர் அறைக்குப் போனாள். மேற்பார்வையாளரும் அங்கே இருந்தார்.

"இருபது வீடு. ஒருத்தர்கூட ஆமாங்கல."

"அப்ப பிரச்சின கொறஞ்சிருக்கு" என்றார் மேற்பார்வையாளர்.

ஊசியக்கா பையைக் கீழே வைத்தாள். இரண்டு வருஷமாக அடக்கிவைத்த குரல் வெளியே வந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பார்கள்.

"சார், அவங்க பயந்துபோய்ப் பொய் சொல்றாங்க. பயம் நாம குடுத்தது. நான்தான் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன். இப்ப இந்தக் கேள்விய எப்படித் திருப்பித் திருப்பிக் கேட்டாலும் ரெண்டுதான் வரும்."

"வேற எப்படிக் கேக்கலாம்?" என்று டாக்டர் கேட்டார்.

"கேக்கவே வேணாம் டாக்டர். வீட்ல எத்தன பேருக்குச் சர்க்கரையோ அத்தன பேருக்கும் மாத்திரை குடுங்க. அதுக்கப்புறம் எண்ணிப் பாருங்க."

"ஒரு வீட்டுக்கு ஒருத்தர்ங்கறது இந்த ஆய்வோட அஸ்திவாரம்" என்றார் மேற்பார்வையாளர்.

"அந்த அஸ்திவாரத்து மேலதான் சார் அந்தம்மா விழுந்தாங்க."

டாக்டர் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஐந்து வாரம் மேலிடத்துக்குக் கடிதம் போவதும் வருவதுமாக இருந்தது. மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில், அவளுடைய நாலு தெருவுக்கு மட்டும், சோதனையாக, ஒன்றுக்கு மேற்பட்ட நோயாளிகள் உள்ள இருபத்து நாலு வீடுகளுக்கு அனுமதி வந்தது.

பட்டியல் கையில் வந்ததும் அவள் முதலில் ஏறியது மூன்றாம் மாடி. பூட்டுக்காரர் கதவைத் திறந்தார். இடது காலில் கட்டு. சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். பெட்டிக்கடையில் கால் தெரியாது, தொழிலுக்குக் கை போதும் என்றார். அவள் பையை இறக்கி வைத்துவிட்டுக் கட்டைக் குனிந்து பார்த்தாள்.

அந்த அம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். ஊசியக்கா எல்லாவற்றையும் சொன்னாள். இருவருக்கும் மாத்திரை, இருவர் பெயரிலும், ஒளிக்க வேண்டாம், பழைய கடிதம் ரத்து.

"வேணாம் தங்கச்சி" என்றாள் அந்த அம்மாள்.

"ஏம்மா? இந்தத் தடவ ரெண்டு பேருக்குமே."

"நீங்க நல்லதுக்குத்தான் வந்திருக்கீங்க. ஆனா எங்க பேர இனிமே எந்தத் தாள்லயும் எழுத வேணாம். ஒரு தடவ எழுதினது போதும்."

"கால் இப்படி இருக்கும்போது..."

"அவரு கால்னாலதான் சொல்றேன். நாளைக்கு அதுக்கும் ஒரு நம்பர் போடுவாங்க."

பூட்டுக்காரர் மடியிலிருந்த ஒரு பழைய பூட்டுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஊசியக்கா எவ்வளவோ பேசிப் பார்த்தாள். அந்த அம்மாள் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. முடியாது என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் ஊசியக்கா படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். "விரலையாவது குடுங்க, பாத்துட்டுப் போறேன்" என்றாள். இரண்டு பேரும் மறுக்காமல் நீட்டினார்கள். அவருக்கு இருநூற்று எழுபது, அவளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. எண்ணை வாயால் சொன்னாள், எங்கேயும் எழுதவில்லை. காலைத் தினமும் எப்படிப் பார்க்க வேண்டும், எது வந்தால் உடனே ஓட வேண்டும் என்று பத்து நிமிஷம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அந்த ஆறு மாதத்தில் மீதி இருபத்து மூன்று வீடுகளிலும் சர்க்கரை இறங்கியது. டாக்டர் அதை ஒரு கட்டுரையாக எழுதினார். நன்றி சொல்லும் பகுதியில் "களப்பணியாளர்களுக்கு" என்று போட்டிருந்தது. அடுத்த வருஷம் வேறு சில ஊர்களிலும் வீட்டிலுள்ள எல்லாருக்கும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள் என்று கேள்வி. மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அவர் மனதாரத்தான் சொன்னார்.

"சந்தோஷமா இல்லையா?" என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"சந்தோஷந்தான் சார்" என்றாள். "அந்தக் கட்டத்தப் படிச்சிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே ஆகியிருக்கும். அதான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் சர்க்கரை பார்க்கும் எந்திரத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கியிருந்தாள். அன்றைக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி இருந்தது.